கிட்டப் போனால் பளிச்சிடுமா? வெறுங்கண்ணும் கேலக்ஸிகளும்

கைபேசியின் பின்னணிப் படமாகவும், பாடப் புத்தக அட்டையிலும், அறிவியல் கண்காட்சித் தட்டிகளிலும் ஆந்த்ரமீடா கேலக்ஸியைப் பார்க்காதவர் குறைவு. நடுவே பொன்னிறத்தில் பருத்த மையம், அதைச் சுற்றி நீலம் தோய்ந்த சுருள் கரங்கள், அங்கங்கே ரோஜா நிறப் பொட்டுகள். விண்வெளிச் சினிமாக்களில் கப்பலின் சன்னலுக்கு வெளியே இப்படி ஒன்று, உள்ளே இருப்பவர்கள் முகத்தில் ஒளி விழும்படி தொங்கும். பார்க்கிற நமக்கும் மனதுக்குள் ஒரு கணக்கு ஓடும்: இங்கிருந்து தெரியாமல் போவதற்குத் தூரம்தான் காரணம், கிட்டப் போனால் இப்படித்தான் இருக்கும்.

அந்தக் கணக்கு தப்பு. ஆந்த்ரமீடா மங்கலாகத் தெரிவதற்குத் தூரத்தைக் குற்றம் சொல்ல முடியாது. 25 லட்சம் ஒளியாண்டை இரண்டரை லட்சமாகக் குறைத்துக்கொண்டாலும் அது இப்போது இருப்பதைவிடப் பளிச்சென்று ஆகிவிடாது, அகலமாகும், அவ்வளவுதான். பலரும் நம்ப மறுக்கிற இடம் இது. ஆகவே இங்கிருந்து கண்ணுக்கு எட்டுகிறவற்றிலிருந்தே தொடங்குவோம்.

நவம்பர் கடைசியில் இரவு எட்டு மணி வாக்கில் தமிழ்நாட்டில் எங்காவது இருட்டான இடத்தில் நின்று அண்ணாந்தால், உச்சிக்குச் சற்று வடக்கே ஒரு பெரிய சதுரம் தெரியும். பஞ்சாங்கத்தில் பூரட்டாதி, உத்திரட்டாதி என்று வருகிற நட்சத்திரங்கள் சேர்ந்து அமைக்கும் பெகாசஸ் சதுரம் அது. அதன் வடகிழக்கு மூலையிலிருந்து ஒரு நட்சத்திர வரிசை கிளம்பும். அந்த வரிசையில் பிரகாசமாக இருக்கும் மீராக்கில் நின்று, வடமேற்காக இரண்டு மங்கல் நட்சத்திரங்களைத் தாண்டினால், பக்கத்தில் ஒரு புகைத் தீற்றல். துடைத்தால் போய்விடும் போல இருக்கும். அதுதான் ஆந்த்ரமீடா, எம்31.

இஸ்ஃபகானில் வாழ்ந்த பாரசீக வானியலாளர் அல்-சூஃபி 964-ஆம் ஆண்டு வாக்கில் எழுதிய நிலையான நட்சத்திரங்களின் நூலில் இதை ஒரு சிறு மேகமாகக் குறித்து வைத்தார். 1612-இல் சைமன் மாரியஸ் தொலைநோக்கி வழியாகப் பார்த்துவிட்டு, மெல்லிய கொம்புத் தகட்டுக்குப் பின்னால் எரியும் மெழுகுவத்தி மாதிரி என்றார். அந்தக் காலத்து ஐரோப்பிய விளக்குகளில் கண்ணாடிக்குப் பதில் கொம்பைச் சீவித்தான் பொருத்துவார்கள். இன்றைக்கும் இந்தக் காட்சிக்கு இதைவிட நேர்மையான வருணனை கிடையாது. தொலைநோக்கி வந்தும் மேகம் மேகமாகவே இருந்தது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நாம் பார்க்கும் தீற்றல் கேலக்ஸி முழுவதும் அல்ல, அதன் நடுப்பகுதி மட்டுமே. முழு உருவம் வானில் சுமார் 3 பாகை நீளத்துக்குப் படுத்திருக்கிறது. ஆறு முழுநிலவுகளை வரிசையாக வைத்த அளவு. நிலவையும் ஆந்த்ரமீடாவையும் ஒரே வானத்தில் அருகருகே காட்டும் படம் ஒன்று அடிக்கடி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதில் அளவு சரி, வெளிச்சம்தான் பொய். முழுநிலவின் முகத்தில் ஒரு துண்டையும் ஆந்த்ரமீடாவில் அதே அளவுத் துண்டையும் வெட்டி எடுத்து ஒப்பிட்டால், கேலக்ஸித் துண்டு சராசரியாக 3 கோடி மடங்கு மங்கலாக இருக்கும்.

தென்கோளத்தாருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு. பெரிய மெகல்லன் மேகம் 1,60,000 ஒளியாண்டில், சின்னது 2 லட்சத்தில். இரண்டுமே நம் பால்வீதியைச் சுற்றிவரும் குட்டிக் கேலக்ஸிகள். ஆஸ்திரேலியாவிலோ சிலியிலோ நகரத்தை விட்டு வெளியே வந்தால் பால்வீதியிலிருந்து பிய்ந்து விழுந்த துண்டுகள் போலத் தெரியும். இவை போக, முக்கோண மண்டலத்திலுள்ள எம்33. மிக நல்ல இருட்டில், பழகிய கண்ணுக்கு அகப்படும். எம்81, சென்டாரஸ் ஏ ஆகியவற்றையும் வெறுங்கண்ணால் பிடித்ததாகக் கைதேர்ந்த சில நோக்கர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஒரு கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் உள்ளவை அவை. பட்டியல் அதோடு முடிகிறது.

இனி விதிக்கு வரலாம். ஒரு நட்சத்திரத்தை நெருங்கினால் அது பிரகாசமாகிறது. தூரம் பாதியானால் நான்கு மடங்கு ஒளி கண்ணுக்கு வரும். கேலக்ஸிக்கும் அதே நான்கு மடங்குதான். ஆனால் அதன் உருவமும் நீளத்தில் இரண்டு, அகலத்தில் இரண்டு என்று நான்கு மடங்கு விரிந்துவிடுகிறது. நான்கு மடங்கு ஒளி நான்கு மடங்கு பரப்பில் பரவினால் ஒவ்வொரு துண்டுக்கும் கிடைப்பது பழைய அளவே. வெள்ளையடித்த சுவரை நோக்கி நடந்துபாருங்கள்: சுவர் பெரிதாகிக்கொண்டே வரும், வெளுப்பு ஏறாது. இதற்குப் பரப்புப் பொலிவு என்று பெயர். இடையில் தூசி இல்லாவிட்டால் இது தூரத்தைப் பொருட்படுத்தாது.

எண்ணில் வைத்துப் பார்த்தால் இன்னும் உறைக்கும். ஆந்த்ரமீடாவின் மொத்த ஒளி 3.4 பொலிவெண் (எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும்), சாதாரண நட்சத்திரம் ஒன்றின் அளவு. பத்து மடங்கு நெருங்கி இரண்டரை லட்சம் ஒளியாண்டில் நின்றால் அந்த ஒளி நூறு மடங்காகும். அதாவது வானின் மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸின் அளவுக்கு வரும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த ஒரு சிரியஸின் ஒளியை 30 பாகை நீளமும் 10 பாகை அகலமும் உள்ள பரப்பு முழுவதும் பூசியாக வேண்டும். பூசினால் என்ன மிஞ்சும்? பூமியின் மிக இருண்ட இரவு வானத்துக்கு இணையான ஒரு சாம்பல் படலம்.

சந்தேகம் தீராதவர்களுக்குப் போக்கிடம் இருக்கிறது: நாம் ஏற்கெனவே ஒரு கேலக்ஸிக்கு உள்ளேதான் இருக்கிறோம். பத்தாயிரம் கோடிக்கும் மேற்பட்ட நட்சத்திரங்கள் கொண்ட, தரமான, பெரிய கேலக்ஸி. இதைவிடக் கிட்டப் போக முடியாது. உள்ளே உட்கார்ந்து பார்த்தால் தெரிவது என்ன? பால்வீதி என்ற வெளிறிய பட்டை. அதன் நட்டநடு மையம் இருக்கும் தனுசு ராசிப் பக்கம் கொஞ்சம் தடிப்பு. சென்னையில் இருப்பவர்களுக்கு அதுவும் கிடையாது. சன்னலுக்கு வெளியே தகதகக்கும் கேலக்ஸியைக் காட்டும் கலை இயக்குநர்கள் ஒருமுறை மாடிக்குப் போய்ப் பார்த்திருக்கலாம்.

இன்னொரு சாட்சி தனுசுக் குள்ளக் கேலக்ஸி. மெகல்லன் மேகங்களைவிட நமக்கு நெருக்கமானது, வானில் பல பாகைகளுக்குப் பரந்து கிடப்பது. இருந்தும் 1994 வரைக்கும் யாருக்கும் தெரியாது. பால்வீதி மையத்துக்குப் பின்னால், நட்சத்திரக் கூட்டத்தில் கலந்து, தனக்கென்று வெளிச்சமே இல்லாதது மாதிரி இருக்கிறது. நட்சத்திரங்களின் வேகங்களை அளந்துகொண்டிருந்தபோது தற்செயலாக அகப்பட்டது. அண்மையும் அகலமும் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு. அதையும் சொல்லாவிட்டால் கணக்கு முழுமையாகாது. மேகமாகத் தெரிவது நெருங்க நெருங்கத் தனித்தனி நட்சத்திரங்களாகப் பிரியத் தொடங்கினால், அந்தப் புள்ளிகள் நட்சத்திர விதிப்படி பிரகாசமாகும். எவ்வளவு கிட்டத்தில் அது நடக்கும்? சூரியன் மாதிரியான ஒரு நட்சத்திரம் வெறுங்கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் 60 ஒளியாண்டுக்குள் இருக்க வேண்டும். அதற்கு அப்பால் இருந்தால் நாம் காணும் வானில் அதற்கு இடமில்லை. மிக அரிதான, சூரியனைவிட லட்சக்கணக்கான மடங்கு ஒளிரும் அரக்க நட்சத்திரங்களே 20,000, 30,000 ஒளியாண்டுவரை தாங்கும். பெரிய மெகல்லன் மேகத்தின் ஆகப் பிரகாசமான நட்சத்திரம்கூட நமக்கு ஒன்பதாம் பொலிவெண் அளவில்தான். கண்ணின் எல்லை ஆறு. ஆக, அந்த மேகத்தில் நம் கண் தனியாகப் பிரித்தறியக்கூடிய நட்சத்திரம் ஒன்றுகூடக் கிடையாது.

ஒருமுறை மட்டும் அந்த நிலை மாறியது. 1987 பிப்ரவரி 24 அதிகாலை, சிலியின் லாஸ் கம்பானாஸ் ஆய்வகத்தில் தொலைநோக்கி இயக்குநராக இருந்த ஆஸ்கார் துஹால்டே வெளியே வந்து வானைப் பார்த்தார். பல வருடம் பார்த்துப் பழகிய மேகத்தில் இல்லாத ஒரு நட்சத்திரம் இருந்தது. உள்ளே போய் வேலையில் மூழ்கியவர் யாரிடமும் சொல்லவில்லை. அதே மலையில் இன்னொரு தொலைநோக்கியில் புகைப்படத் தகடு எடுத்த இயன் ஷெல்டன் பரபரப்போடு வந்து கேட்டபோதுதான், ஆமாம், நானும் பார்த்தேன் என்றார். அது வெடித்துச் சிதறிய நட்சத்திரம், சூப்பர்நோவா 1987ஏ. 1604-க்குப் பிறகு வெறுங்கண்ணுக்கு நன்றாகத் தெரிந்த முதல் சூப்பர்நோவா. ஆந்த்ரமீடாவிலும் 1885-இல் ஒன்று வெடித்தது, கண்ணின் எல்லையைத் தொட்டுவிட்டு அடங்கியது. வேறொரு கேலக்ஸியின் தனி நட்சத்திரத்தை மனிதக் கண் பார்த்த கதை கிட்டத்தட்ட இவ்வளவே.

தொலைநோக்கி இருக்கிறதே, அது ஒளியைக் குவிக்காதா என்று கேட்கலாம். குவிக்கும். ஆனால் மேகம் போன்ற பரந்த பொருளின் பரப்புப் பொலிவை வெறுங்கண் காணும் அளவுக்கு மேல் உயர்த்த எந்தத் தொலைநோக்கியாலும் முடியாது. பலருக்கு நம்பச் சிரமமாக இருக்கும் இதற்குக் காரணம் எளிது. தொலைநோக்கியின் கண்வில்லையிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றை நம் கண்பாவைக்குள் நுழைய வேண்டும். இருட்டில் விரிந்த இளம் கண்பாவை சுமார் 7 மில்லிமீட்டர். கற்றை அதைவிடத் தடிமனாக இருந்தால் மிச்சம் கண்ணுக்கு வெளியே விழுந்து வீண். உள்ளே அடக்க உருப்பெருக்கத்தைக் கூட்ட வேண்டும். கூட்டியதும் ஒளி அகன்ற பரப்பில் பரவிவிடுகிறது.

அயர்லாந்தின் பர் கோட்டையில் ராஸ் பிரபு வில்லியம் பார்சன்ஸ் கட்டிய தொலைநோக்கியை எடுத்துக்கொள்வோம். கண்ணாடியின் விட்டம் 72 அங்குலம், 1.83 மீட்டர். அந்தக் காலத்தில் உலகிலேயே பெரியது. கண்ணைவிட 68,000 மடங்கு ஒளியை அது அள்ளும். அந்தக் கற்றையைக் கண்பாவைக்குள் அடக்கக் குறைந்தது 260 மடங்கு பெருக்க வேண்டும். 260-ஐ 260-ஆல் பெருக்கினால் பரப்பு சுமார் 68,000 மடங்கு. வரவுக்கும் செலவுக்கும் சரியாகப் போயிற்று. கண்ணாடி உலோகம் விழுங்குவதைக் கழித்தால் நட்டம்.

அப்படியானால் 1845-இல் ராஸ் அந்தக் கருவி வழியாக எம்51 கேலக்ஸியின் சுருள் வடிவத்தைக் கண்டு வரைந்தது எப்படி? இந்த விவகாரத்தில் எனக்கு ஆகச் சுவையாகப் படும் இடம் இதுதான். ஒளி கூடாவிட்டாலும் உருவம் பெரிதானதே உதவிற்று. மங்கல் வெளிச்சத்தில் நம் விழித்திரை பக்கத்துப் பக்கத்துச் செல்களின் சேதிகளைக் கூட்டிச் சேர்த்துத்தான் பார்க்கிறது. ஆகவே சின்ன மங்கல் பொருள் தெரியாது. அதே மங்கலில் பெரிய பொருள் தெரியும். கரங்களுக்கும் இடைவெளிக்கும் உள்ள லேசான வேறுபாடு, படம் பெருத்தபோது கண்ணுக்கு அகப்பட்டது.

260 மடங்கு பெருக்கிப் பார்ப்பதும், 260 மடங்கு கிட்டப் போய் வெறுங்கண்ணால் பார்ப்பதும் வெளிச்சக் கணக்கில் ஒன்றே. எம்51 இருப்பது ஏறக்குறைய 3 கோடி ஒளியாண்டில். ராஸ் பிரபு தன் கோட்டைத் தோட்டத்தில் ஏணியின் மேல் நின்றபடியே அதன் வாசலுக்குச் சுமார் ஒரு லட்சம் ஒளியாண்டுவரை போய்விட்டார். கிட்டப் போனால் எப்படி இருக்கும் என்ற கேள்விக்கு அவருடைய பென்சில் படம் பதில் சொல்லிவிட்டது: சாம்பல் நிறம், மெலிந்த சுருள், அழுத்தமான மையம்.

பூமியில் நின்று பார்ப்பவருக்கும் வெளியே மிதப்பவருக்கும் ஒரு வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். பூமியின் இரவு வானம் முழு இருட்டு அல்ல. காற்று மண்டலத்தின் மேலடுக்கு தானாகவே லேசாக ஒளிர்கிறது. கோள்களுக்கு இடையிலுள்ள தூசியும் சூரிய ஒளியைச் சிதறடிக்கிறது. இந்த இரண்டும் கேலக்ஸியின் மங்கல் விளிம்புகளை விழுங்கிவிடும். புளூட்டோவைக் கடந்து போன நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் அளந்த வானம், ஹப்பிள் தொலைநோக்கி காணும் வானத்தைவிடச் சுமார் பத்து மடங்கு இருட்டு. கேலக்ஸிகளுக்கு நடுவிலுள்ள வெளியில் பால்வீதியின் ஒளியும் இருக்காது. ஆகவே அங்கே மிதப்பவருக்குக் கேலக்ஸி கூடுதலாக ஒளிராது, ஆனால் பின்னணி கறுத்துப்போவதால் எடுப்பாகத் தெரியும். கரங்கள் பிடிபடும். தூசிப் பட்டைகள் கறுப்புக் கோடாக ஓடும். மையம் மட்டும் அதைச் சுற்றியுள்ள தட்டைவிட நூறு மடங்குக்கு மேல் பிரகாசம் என்பதால் அங்கே லேசாக மஞ்சள் சாயல் தட்டுப்படலாம் என்பது என் ஊகம். கப்பலில் விளக்குகளை அணைத்துவிட்டு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சினிமாக் கப்பல்களில் யாரும் விளக்கை அணைப்பதில்லை.

எல்லாக் கேலக்ஸியும் இந்த அளவுக்குக்கூடத் தேறாது. கென் ஃப்ரீமன் 1970-இல் பல கேலக்ஸிகளின் தட்டுகளை ஒப்பிட்டபோது பெரும்பாலானவற்றின் மையப் பொலிவு கிட்டத்தட்ட ஒரே அளவாக இருப்பதைக் கண்டார். நம்முடைய இருண்ட வானத்தைவிட இரண்டு மூன்று மடங்குதான் அது கூடுதல். பின்னர் யோசித்தவர்கள் கேட்டார்கள்: வானத்தைவிட மங்கலானவை இருந்தால் அவை நம் கணக்கில் வராமலே போயிருக்குமே? போயிருந்தன. 1980-களில் அகப்பட்ட மாலின் 1 அப்படிப்பட்ட ஒன்று; தெரிந்த சுருள் கேலக்ஸிகளிலேயே மிகப் பெரியவற்றில் சேரும். அதன் வெளித்தட்டின் நடுவே நின்றாலும் நாம் இருக்குமிடம் ஒரு கேலக்ஸி என்று கண் சொல்லாது.

கண்ணைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் பாதிக் கதை அங்கேதான் நடக்கிறது. விழித்திரையில் சுமார் 60 லட்சம் கூம்பு செல்கள், 12 கோடி கோல் செல்கள். நிறம் பார்ப்பவை கூம்புகள். அவற்றுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். மங்கலில் கோல்கள் மட்டும் வேலை செய்யும். அவற்றுக்கு நிறம் தெரியாது. கேலக்ஸி சாம்பலாகத் தெரிவதற்கு அதுவே காரணம். படங்களில் வரும் ரோஜாப் பொட்டுகள் ஹைட்ரஜன் வாயு 656 நானோமீட்டரில் உமிழும் சிவப்பு. கோல் செல்கள் அந்த அலைநீளத்தில் ஏறக்குறையக் குருடு. எனவே நிறம் மட்டும் இழப்பு என்று நினைக்க வேண்டாம், அந்தப் பொட்டுகளின் வெளிச்சமே பெருமளவு கைநழுவிவிடும்.

பார்வையின் நட்டநடுவில் கோல் செல்களே இல்லை. நேரே உற்றுப் பார்த்தால் மேகம் மறையும். கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் ஓரக்கண்ணில் வரும். அமெச்சூர் வானியலாளர்கள் புதியவர்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம் இது. இருட்டுக்குக் கண் பழக 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். நடுவில் ஒருவர் கைபேசியை எடுத்தால் எல்லாம் பாழ். வயது ஏறினால் கண்பாவை 7 மில்லிமீட்டர்வரை விரியாது. இத்தனை குறையோடும் கண் சாதாரணக் கருவி அல்ல. 1942-இல் ஹெக்ட், ஷ்லேர், பிரென் மூவரும் செய்த சோதனையில், ஐந்து முதல் ஏழு ஃபோட்டான்களைக் கோல் செல்கள் உள்வாங்கினாலே மனிதன் ஒளியை உணர்கிறான் என்று தெரிந்தது. ஆனால் கண்ணால் சேமிக்க முடியாது. மங்கலில்கூடப் பத்தில் ஒரு நொடி அளவுக்கு ஒளியைச் சேர்த்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடும்.

கேமரா சேமிக்கும். 1888-இல் ஐசக் ராபர்ட்ஸ் இங்கிலாந்தில் ஆந்த்ரமீடாவுக்கு மணிக்கணக்கில் தகட்டைத் திறந்து வைத்தபோதுதான் அதன் சுருள் அமைப்பு முதன்முதலாக வெளிப்பட்டது. அல்-சூஃபிக்குப் பிறகு 900 ஆண்டு எத்தனையோ பேர் பார்த்தும் எட்டாதது. 1923-இல் எட்வின் ஹப்பிள் மவுண்ட் வில்சனில் இதே கேலக்ஸியில் தூரத்தை அளக்க உதவும் செஃபீட் வகை நட்சத்திரத்தைக் கண்டு, இது பால்வீதிக்கு வெளியே உள்ளது என்று நிறுவியதும் தகட்டைக் கொண்டுதான். நவீன கேலக்ஸி ஆய்வில் வெறுங்கண்ணுக்கு வேலையே இருந்ததில்லை எனலாம்.

அப்படியென்றால் படங்கள் பொய்யா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஹப்பிள் படங்களில் உள்ள நீலம் இளம் நட்சத்திரங்களின் நீலமே, மஞ்சள் கிழட்டு நட்சத்திரங்களின் மஞ்சளே. கண்ணுக்குப் போதாத ஒளியைக் கூட்டிக் காட்டியிருக்கிறார்கள். ஜேம்ஸ் வெப் படங்களின் கதை வேறு. அது அகச்சிவப்பில் பார்ப்பது. நாம் காணும் நிறங்கள் அலைநீளத்தின் வரிசைப்படி ஒதுக்கப்பட்டவை. விஞ்ஞானிகள் இதை ஒளிப்பதில்லை. செய்தித்தாளும் காணொளியும் அந்தக் குறிப்பை வெட்டிவிடுகின்றன. அதுதான் என் ஆட்சேபம்.

இதுவரை பேசியதெல்லாம் பக்கத்து வீட்டுக் கேலக்ஸிகள். உண்மையிலேயே தொலைவில் உள்ளவற்றுக்குப் போனால் தூரம் கடைசியில் தன் வேலையைக் காட்டுகிறது. பிரபஞ்சம் விரிந்துகொண்டிருப்பதால் பரப்புப் பொலிவு மாறாது என்ற விதி அங்கே உடைகிறது. ரிச்சர்ட் டோல்மன் 1930-இல் கணக்கிட்டார்: ஒளி கிளம்பிய நாளிலிருந்து பிரபஞ்சம் இருமடங்கு விரிந்திருந்தால் பொலிவு 16-இல் ஒரு பங்காகும். ஒவ்வொரு ஃபோட்டானின் ஆற்றலும் பாதி. அவை வந்து சேரும் வேகமும் பாதி. உருவம் நீளத்திலும் அகலத்திலும் இரண்டிரண்டு மடங்கு பெரிதாகத் தெரிவதால் இன்னும் நான்கில் ஒரு பங்கு. வெப் தொலைநோக்கி கண்டு 2024-இல் அறிவிக்கப்பட்ட ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 கேலக்ஸியின் ஒளி கிளம்பியது பெருவெடிப்புக்குச் சுமார் 30 கோடி ஆண்டுக்குப் பின். அன்றிலிருந்து இன்றுவரை பிரபஞ்சம் 15 மடங்கு விரிந்துவிட்டது. 15-ஐ நான்கு முறை பெருக்கிப் பாருங்கள்: 50,000-க்கு மேல் வரும். அத்தனை மடங்கு மங்கல்.

மங்கல் என்றால்கூட ஏதோ மிச்சம் இருப்பதாகத் தோன்றும். நம் கண்ணைப் பொறுத்தவரை அங்கே ஒன்றுமே இல்லை. அந்தக் கேலக்ஸியிலிருந்து கிளம்பிய புற ஊதா ஒளி விரிந்து நீண்டு அகச்சிவப்பாக வருகிறது. இன்று நம் கண் காணும் அலைநீளத்தில் வந்து சேர்ந்திருக்க வேண்டிய ஒளி, கிளம்பும்போது மிகக் குறுகிய புற ஊதாவாக இருந்திருக்கும். அதைச் சுற்றியிருந்த ஹைட்ரஜன் முழுவதுமாகக் குடித்துவிட்டது. பிரம்மாண்டமான கண் ஒன்றை வைத்துக்கொண்டு யுகம் முழுக்க உற்றுப் பார்த்தாலும், கண்ணுக்குரிய அலைநீளத்தில் அந்தத் திசை வெறுமையே.

அளவு விஷயத்தில் ஒரு விசித்திரமும் உண்டு. ஒரு கட்டத்துக்கு மேல், அதாவது ஒளி 900 கோடி ஆண்டுக்கு மேல் பயணம் செய்யும் தொலைவுக்கு அப்பால், கேலக்ஸிகள் சிறுப்பது நின்று மறுபடி பெரிதாகத் தெரியத் தொடங்கும். ஒரு லட்சம் ஒளியாண்டு அகலமுள்ள கேலக்ஸி எங்கே இருந்தாலும் 3 விகலைக்குக் (விகலை என்பது பாகையின் மிகச் சிறு கூறு) கீழே இறங்காது. நம் கண் பகலிலேயே 60 விகலைக்குக் குறைந்ததைப் பிரித்துப் பார்க்காது. இருட்டில் இன்னும் மோசம். எனவே வடிவம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

தொலைவிலிருந்து வெறுங்கண்ணுக்கு எட்டிய ஒளி ஒன்றே ஒன்று பதிவாகியிருக்கிறது. 2008 மார்ச் 19 அன்று ஒரு நட்சத்திரம் இறந்தபோது எழுந்த காமாக் கதிர் வெடிப்பு, ஜிஆர்பி 080319பி. சுமார் 750 கோடி ஆண்டு பயணம் செய்து வந்த ஒளி, அரை நிமிடம் போல 5.3 பொலிவெண் வரை எகிறியது. சிலியில் போலந்து வானியலாளர்கள் வைத்திருந்த ‘பை ஆஃப் தி ஸ்கை’ கேமரா அதைப் பிடித்தது. சரியான இடத்தில் சரியான திசையில் பார்த்துக்கொண்டிருந்த எவருக்கும் அது தெரிந்திருக்கும். அதே தேதியில்தான் கொழும்பில் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் கிளார்க் காலமானார். வெடிப்புக்கு அவர் பெயரை வைக்கலாம் என்றுகூடச் சிலர் சொன்னார்கள். ஒளிர்ந்தது ஒரு புள்ளி என்பதைக் கவனிக்க வேண்டும். அது இருந்த கேலக்ஸி கண்ணுக்கு வரவில்லை.

ஆந்த்ரமீடாவே நம்மை நோக்கி வருகிறதே என்பார்கள். வினாடிக்குச் சுமார் 110 கிலோமீட்டர் வேகம். 2012-இல் ஹப்பிள் அளவீடுகளை வைத்து, சுமார் 400 கோடி ஆண்டில் மோதல் நிச்சயம் என்றார்கள். அப்போது வெளியான ஓவியங்களில் வானம் பாதி தீப்பிடித்தது மாதிரி இருந்தது. 2025-இல் வந்த ஆய்வு, அடுத்த 1,000 கோடி ஆண்டில் மோதுவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்புதான் என்கிறது. மோதினாலும் ஓவியம்போல் இருக்காது. வானில் இன்னொரு பால்வீதிப் பட்டை குறுக்கே ஓடும். வாயு மேகங்கள் முட்டிப் புதிய நட்சத்திரங்கள் கொத்தாகப் பிறந்தால் சில இடங்கள் பிரகாசிக்கும். பார்க்க யார் இருப்பார்கள் என்பது வேறு கேள்வி. அதற்கு வெகு முன்பே சூரியன் வெப்பமேறிப் பூமியைக் காயவிட்டிருக்கும்.

இன்றைய நம் வானத்துக்குத் திரும்பினால், நகர விளக்குகள் நட்சத்திரங்களைவிடக் கேலக்ஸிகளையே முதலில் அழிப்பதற்கும் பரப்புப் பொலிவே காரணம். வானம் பத்து மடங்கு வெளுத்தாலும் சிரியஸ் புள்ளியாகத் தப்பிக்கும். பரந்த மேகம் வானத்தோடு கரைந்துவிடும். ஜான் போர்ட்டில் 2001-இல் இருட்டை ஒன்பது படியாகப் பிரித்தபோது எம்33 தெரிகிறதா என்பதை ஒரு அளவுகோலாக வைத்தது இதனால்தான். 2016-இல் வெளியான உலக ஒளிமாசு வரைபடத்தின்படி மனிதரில் மூன்றில் ஒரு பங்கினர் பால்வீதியையே காண முடியாத இடங்களில் வாழ்கிறார்கள். லடாக்கின் ஹான்லேயைச் சுற்றி 2022-இல் இருள்வானக் காப்பகம் அறிவிக்கப்பட்டது நல்ல காரியம். ஆனால் அங்கிருந்து மெகல்லன் மேகங்கள் அடிவானத்துக்கு மேலே வரவே வராது.

அந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு யோகம். காவலூர் ஆய்வகத்திலிருந்து பெரிய மேகம் தெற்கே எட்டுப் பாகை அளவுக்கு எழும். கன்னியாகுமரியில் 12 பாகை, இலங்கையின் தென்கோடியில் 14. ஜனவரிக் கடைசியில் இரவு ஒன்பது மணி வாக்கில் அது உச்ச உயரத்தில் இருக்கும். அவ்வளவு தாழ்வில் காற்று மண்டலம் ஒளியில் பாதிக்கு மேல் குடித்துவிடும், கடல் ஈரம் மிச்சத்தில் பங்கு கேட்கும். எனவே நிலவில்லாத நாளாக, மழை கழுவிவிட்ட வானமாக, ஊர் விளக்குகள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படியாகத் தெற்கே கடலை நோக்கிய இடமாகத் தேர்ந்துகொள்ள வேண்டும். அடிவானத்திலிருந்து நீட்டிய கையின் ஒரு முஷ்டி உயரத்துக்குச் சற்று மேலே, நேரே பார்க்காமல் கொஞ்சம் இடப்பக்கமாகவோ வலப்பக்கமாகவோ தள்ளிப் பார்க்கவும். பைனாகுலர் இருந்தால் இடம் கண்டுபிடிக்க உதவும், மேகத்தின் பரப்புப் பொலிவைக் கூட்டாது.